இன்ஸ்டாகிராமில் விற்கும் நைட் கிரீம்: முன்–பின் படங்களை நம்பலாமா?

கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. மூன்று மாதத்தில் உங்களுக்குக் கல்யாணம். வீட்டிலேயே தயாரிப்பதாகச் சொல்லி ஒருவர் இன்ஸ்டாகிராமில் நைட் கிரீம் விற்கிறார். பேர் ஒட்டாத வெள்ளை டப்பா, 30 கிராம், ஆர்டர் டிஎம்மில், பணம் ஜிபேயில். அவர் பக்கம் முழுக்க முன்–பின் படங்கள். உங்கள் சித்தி பெண் ஆறு வாரமாகப் பூசுகிறாள். முகம் நன்றாக வெளுத்திருக்கிறது, தொந்தரவு ஒன்றும் இல்லை. "பாதரசம் இல்லை" என்று லேப் ரிப்போர்ட்டும் காட்டுகிறார்கள். "இந்தப் படங்கள் நிஜமா, எடிட் செய்ததா, எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

படம் நிஜம் என்று தெரிந்துவிட்டால் தைரியமாக வாங்கிவிடலாம் என்பதுதான் அந்தக் கேள்விக்குள் இருக்கும் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு என்று சொல்லவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஆபத்தான கிரீம்களின் படங்களில் பல நிஜமாகவே இருக்கும். மூன்று நான்கு வாரத்தில் செல்போன் கேமராவுக்கே தெரிகிற அளவுக்கு முகத்தை வெளுக்க வைக்கும் பொருட்கள் மிகச் சில. அவற்றில் மலிவாகக் கிடைப்பவை இரண்டு: வீரியமான ஸ்டீராய்டு, பாதரச உப்பு. ஒழுங்கான ஒரு சன்ஸ்கிரீனோ, கருந்திட்டுக்குப் பூசும் அசெலாயிக் அமிலமோ அந்த வேகத்தில் எதையும் செய்யாது. அதனால் படம் நம்பும்படி இருக்க இருக்க, டப்பாவின் மேல் சந்தேகம் கூட வேண்டும்.

முதலில் ஸ்டீராய்டு. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன் என்று மருந்துக்கடை டியூப்களில் வருபவை. பூசிய சில மணி நேரத்தில் தோலின் சிறு ரத்தக் குழாய்கள் சுருங்கும், முகம் வெளிறும். இந்த வெளிறலின் அளவை வைத்தே ஸ்டீராய்டுகளின் வீரியத்தைத் தரம் பிரிக்கிறார்கள். அடுத்து, எந்த அழற்சியானாலும் அமுங்கும். பருவின் சிவப்பு, அரிப்பு, தடிப்பு எல்லாம் அடங்கித் தோல் மழமழவென்று ஆகும். நிறமி உற்பத்தியும் குறையும். இரண்டாவது வாரத்திலிருந்து ஐந்தாறாவது வாரம் வரை முகம் இருக்கிற அழகில் யாருக்குமே படம் எடுக்கத் தோன்றும். விற்பவரும் அந்த நேரம் பார்த்துத்தான் "ரிவ்யூ அனுப்புங்க அக்கா" என்று கேட்பார்.

அதற்குப் பிறகுதான் வினை. தோல் மெலிந்து ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். கன்னத்தில் சிவப்பு நூல் ஓடின மாதிரி இருக்கும். ஒரே அளவில் சின்னச் சின்னப் பருக்கள், பூனை முடி, வெயிலில் போனால் எரிச்சல், அடுப்படியில் நின்றால் முகம் ரத்தச் சிவப்பு. பயந்து நிறுத்தினால் சில நாளிலேயே முகம் வீங்கி எரியும். திரும்பப் பூசினால் அடங்கும். இந்த இடத்தில் வாடிக்கையாளர் எடுக்கும் முடிவு எப்போதும் ஒன்றுதான்: "கிரீம் நல்லதுதான், நடுவில் விட்டதுதான் தப்பு." அடுத்த டப்பா ஆர்டர் ஆகிவிடும். தோல் மருத்துவர்கள் இதை ஸ்டீராய்டுக்கு அடிமையான முகம் என்கிறார்கள். இந்தியாவில் 12 மையங்களில் செய்து 2011இல் வெளியான ஆய்வில், முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு கிரீம் பூசிக்கொண்டிருந்தார்கள். ஏழு பேரில் ஒருவர்.

முகம் என்பதால் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. முன்கையில் பூசும் ஸ்டீராய்டு தோலுக்குள் இறங்கும் அளவை 1 என்று வைத்தால், நெற்றியில் ஏறக்குறைய 6, தாடையில் 13. கையில் ஒன்றும் செய்யாத மருந்து முகத்தில் பல மடங்காக வேலை செய்யும். "கையில பூசிப் பார்த்தேன், ஒண்ணும் ஆகல" என்ற சோதனை இதனால்தான் செல்லாது. குளோபெட்டசாலை மருத்துவர் எழுதினாலும் முகத்தைத் தவிர்க்கச் சொல்வார், தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்பார். அதை ஆறு மாதம், தினமும் இரவு, முகத்தில் பூசுகிறோம்.

அடுத்தது பாதரசம். நிறமி உண்டாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும், அந்த நொதி வேலை செய்யத் தாமிரம் வேண்டும். பாதரசம் தாமிரத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், நிறமி உற்பத்தி நின்றுபோகும். வேலை சுத்தமாக நடக்கும், செலவும் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் ஆவணங்களில் இப்படிப்பட்ட கிரீம்களில் பாதரச அமோனியம் 1 முதல் 10 சதவீதம் வரை இருப்பதாகச் சொல்லப்பட்டிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 கிராம் டப்பாவில் 1 சதவீதம் என்றால் 300 மில்லிகிராம். இரவுக்கு அரை கிராம், அதாவது ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கும் அளவு பூசினால், தினம் 5 மில்லிகிராம் பாதரச உப்பு முகத்தில் ஏறுகிறது. இந்தியாவின் 2020 அழகுசாதன விதிகள், தவறிக் கலந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளும் பாதரசத்தின் எல்லை பத்து லட்சத்தில் 1 பங்கு; கண்ணுக்குப் போடுபவற்றில் மட்டும் 70 பங்கு. 30 கிராம் டப்பாவுக்கு அது 0.03 மில்லிகிராம். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023இல் தொடங்கிய 'ஆபரேஷன் சௌந்தர்யா' சோதனைகளில் பிடிபட்ட சில பொருட்களில், அனுமதித்த அளவைப் போல 12,000 மடங்கு பாதரசம் இருந்ததாக 2025இல் அறிவித்தார்கள். மேலே போட்ட கணக்குக்கு அது பக்கத்தில்தான் வருகிறது.

ஸ்டீராய்டாவது முகத்தைக் கெடுத்துக் காட்டிக்கொடுக்கும். பாதரசம் முகத்தை அழகாக வைத்துக்கொண்டே சிறுநீரகத்துக்குப் போய்விடும். 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் நடுவில், மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் 22 பேருக்கு மெம்பரனஸ் நெஃப்ரோபதி என்ற நோய் வந்ததைப் பதிவு செய்தார்கள். சிறுநீரக வடிகட்டியின் சவ்வில் எதிர்ப்புப் புரதங்கள் படிந்து, ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகும் நோய் அது. 22 பேரில் 15 பேருக்கு அதில் அபூர்வமான நெல்-1 வகை (NELL-1 என்ற புரதத்தின் பெயரால் வந்தது). அந்த 15 பேரில் 13 பேர் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள். கிட்னி இன்டர்நேஷனல் இதழில் 2024இல் இது வெளிவந்தது. ஒருவருக்கு மூளையின் சிரையில் ரத்தம் உறைந்தது. கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலானோருக்குப் புரதம் ஒழுகுவது குறைந்தது என்பது ஆறுதல்.

இந்த ஆய்வைப் பெரிதாக்கியும் சொல்லக்கூடாது. ஒரே மையம், 22 பேர். கிரீம் பூசுகிற ஆயிரம் பேரில் எத்தனை பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கும் என்று இதிலிருந்து யாரும் கணக்குச் சொல்ல முடியாது, ஏனென்றால் பூசி நன்றாக இருப்பவர்கள் மருத்துவமனைக்கே வரவில்லை. நெல்-1 வகைக்கு வேறு காரணங்களும் உண்டு; புற்றுநோயோடு சேர்ந்து வரும், பாதரசம் சேர்ந்த நாட்டு மருந்துகளாலும் வரும். இருந்தாலும் அபூர்வமான வகை ஒரே ஊரில் குவிவதும், குவிந்தவர்களில் அநேகமாக எல்லோரும் ஒரே மாதிரிப் பொருளைப் பூசியிருப்பதும், நிறுத்தினால் குறைவதும் சேர்ந்து வந்தால், மருத்துவத்தில் அதைத் தற்செயல் என்று ஒதுக்க மாட்டார்கள். பாதரசம் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதில் எப்போதுமே சந்தேகம் இருந்ததில்லை.

உங்கள் சித்தி பெண் "ஒண்ணும் ஆகல" என்று சொல்வதற்கு என்ன மதிப்பு என்று இப்போது புரியும். ஆறு வாரம் என்பது இரண்டு விஷங்களுமே நல்லபடியாக நடந்துகொள்ளும் காலம். சிறுநீரில் நுரை, காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், மாலையில் செருப்பு வார் பதிந்து நிற்கும் கால் வீக்கம் எல்லாம் பிறகு வருபவை. வந்தாலும் யாரும் அதைக் கிரீமோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. சிறுநீரகம் செல்ஃபியில் விழாது.

நீங்கள் நேரடியாகக் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். படத்தில் வெளிச்சம் விளையாடியிருக்கிறதா என்று பார்க்க முகத்தை விட்டுவிடுங்கள். பின்னால் இருக்கும் சுவர், கண்ணின் வெள்ளை, பல், தலைமுடி, காது மடல் இவற்றை இரண்டு படத்திலும் ஒப்பிடுங்கள். "பின்" படத்தில் சுவரும் வெளுத்து, முடியின் கருமையும் குறைந்திருந்தால் அது கேமராவின் வேலை. எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டினாலே படத்தில் விழும் வெளிச்சம் இரண்டு மடங்காகும். முதல் படம் டியூப்லைட்டுக்குக் கீழே, எண்ணெய் வழியும் முகத்தோடு. அடுத்தது ஜன்னலைப் பார்த்து நின்று, பவுடர் போட்டு என்றால் கிரீமே தேவையில்லை. பல போன்களின் முன் கேமராவில் சருமத்தை மழுப்பும் வசதி நாம் கேட்காமலேயே வேலை செய்யும். புருவ முடியும் கன்னத் துளைகளும் கலங்கியிருந்தால் அதுதான். முகம் வெளுத்து, காதும் கழுத்தும் பழைய நிறத்திலேயே நின்று, சுவரும் மாறாமல் இருந்தால் படம் நிஜம். அந்த மாதிரிப் படத்தைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை அதிகம்.

நிஜமான படங்களிலும் தேர்வு நடக்கிறது. ஆயிரம் பேர் வாங்கி ஐம்பது பேர் படம் அனுப்பினால் பக்கம் நிறைந்துவிடும். மீதி 950 பேர் எங்கே என்று கேட்க அங்கே இடம் கிடையாது. எரிச்சல் என்று கமெண்ட் போட்டவரை அரை மணி நேரத்தில் பிளாக் செய்துவிடலாம். ஆறாவது மாதத்தில் எடுத்த படத்தை யாரும் போடுவதும் இல்லை, யாரும் கேட்பதும் இல்லை. நீங்கள் அப்படி ஒரு வீடியோவில் பத்து விநாடி நின்றாலே செயலி அதைக் குறித்துக்கொண்டு அடுத்தடுத்து அதையே அனுப்பும். ஊரில் எல்லோரும் பூசுகிறார்கள் என்று தோன்ற ஆரம்பிப்பது அப்போதுதான்.

இதிலிருந்து "இன்ஸ்டாகிராம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்" என்று போய்விடக் கூடாது. வெள்ளைத் தோல் ஆசை நமக்குப் போன் வழியாக வந்ததல்ல. ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் வந்தது. 2020இல்தான் பேரை மாற்றினார்கள். மேலே சொன்ன ஸ்டீராய்டு ஆய்வு வெளியானபோது இன்ஸ்டாகிராம் பிறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்குமா என்பதே சந்தேகம். 2010 அக்டோபரில்தான் அது வந்தது. அன்றைக்கு அந்த 433 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மருத்துவர் அல்லாத யாரோ சொல்லிப் பூசியவர்கள். 2018 நவம்பர் முதல் 14 ஸ்டீராய்டுகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு கட்டுப்படுத்தியது. சட்டம் வந்தும் விற்பனை முழுசாக நின்றுவிடவில்லை, அது வேறு கதை.

படம் பகிரும் தளங்கள் மாற்றியது வேறொன்று. பழைய டியூப்பில் பெயர் இருந்தது, அளவு இருந்தது, கம்பெனி முகவரி இருந்தது. முகம் கெட்டு வருபவர் டியூப்பைக் காட்டினால் மருத்துவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். இன்றைய வெள்ளை டப்பாவில் எதுவும் இல்லை. யாரோ நான்கு டியூப்பை ஒரு மாய்ஸ்சரைசரில் பிதுக்கிக் கலக்கியிருக்கலாம், மொத்தமாக இறக்குமதியான பாதரசக் கிரீமைச் சின்ன டப்பாக்களில் அடைத்திருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். கடை இல்லை என்பதால் மருந்து ஆய்வாளர் போய் சாம்பிள் எடுக்க இடம் இல்லை. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடையாகி, அடுத்த மாதமே இந்தியாவில் ரீல்ஸ் வந்த பிறகு குறும்படம் போட்டுப் பொருள் விற்பது வீட்டுக்கு வீடு நடக்கும் தொழிலாகிவிட்டது. பொதுச் சுகாதாரத்தில் ஒரு பொருள் தீங்கு செய்கிறதா என்று கண்டுபிடிக்க முதலில் யார் எதைப் பூசினார்கள் என்று தெரிய வேண்டும். அந்த நூல் இங்கே அறுந்துபோகிறது.

மனசு பக்கம் என்ன தெரியும்? பொலிவாக்கிய முகங்களைச் சில நிமிடம் பார்த்தாலே இளம்பெண்களுக்குத் தன் தோற்றத்தின் மேல் இருக்கும் திருப்தி அப்போதைக்குக் குறைகிறது. பரிசோதனைகளில் இது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. 17 முதல் 25 வயதுள்ள 220 மாணவர்களை வைத்துக் கனடாவில் செய்து 2023இல் வெளியான சோதனையில், மூன்று வாரம் சமூக ஊடகத்தை நாளுக்கு ஒரு மணி நேரமாகக் குறைத்தவர்களுக்குத் தோற்றத்தைப் பற்றிய மதிப்பு கூடியது. இவ்வளவும் ஓரளவு உறுதி. அதற்கு மேல் போனால் தரை வழுக்கும். 2021இல் கசிந்த ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணத்தை "மூன்றில் ஒரு பெண்ணுக்கு இன்ஸ்டாகிராம் கெடுதல்" என்று எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். ஏற்கனவே தன் உடம்பைப் பற்றிக் குமைந்துகொண்டிருந்த பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்கியதாகச் சொன்னார்கள் என்பதுதான் அதில் இருந்தது. இது சர்வே பதில், நோய்க் கணக்கு இல்லை. எதிர்ப்பக்கத்தில், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரின் தரவை வைத்து 2019இல் வந்த ஆய்வு, டிஜிட்டல் பயன்பாடு மனநலத்தின் ஏற்ற இறக்கத்தில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் விளக்குகிறது என்றது. அதில் விளையாட்டு, டிவி, சாட் எல்லாம் சேர்ந்து கிடக்கின்றன. முகப் படங்களை மட்டும் பிரித்துப் பார்த்ததில்லை. அதனால் "ஒன்றுமே செய்யாது" என்பதற்கும் அது சாட்சியாகாது. மேல்நாட்டில் உடல் பருமனைச் சுற்றி நடந்த ஆய்வுகளை அப்படியே நம் ஊர் நிறக் கவலைக்குப் பொருத்துவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு.

படங்கள் நல்லதும் செய்கின்றன, ஒரேயடியாகத் திட்ட முடியாது. ஸ்டீராய்டால் கெட்ட முகங்களைத் தைரியமாகப் போட்ட பெண்களைப் பார்த்துத்தான் பலர் கிரீமை நிறுத்தி மருத்துவரிடம் போகிறார்கள். அதே படங்கள் இன்னொரு பக்கம் ஸ்டீராய்டு என்றாலே நடுங்க வைக்கின்றன. கரப்பான் (எக்ஸிமா) வந்த குழந்தைக்கு மருத்துவர் ஒரு வாரத்துக்கு எழுதிய லேசான ஹைட்ரோகார்டிசோனைப் பெற்றோர் பூசாமல் விட்டு, குழந்தை ராத்திரி முழுக்கச் சொறிகிறது. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாளுக்குப் பூசும் ஸ்டீராய்டைப் பற்றி நான் இங்கே பேசவில்லை.

லேப் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். அதில் சாம்பிள் பெயருக்குப் பக்கத்தில் பேட்ச் எண் இருக்கிறதா, உங்கள் டப்பாவில் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்ச் எண்ணே இல்லாத டப்பாவுக்கு எந்த ரிப்போர்ட்டும் பொருந்தாது. யாரும் கடையில் வாங்கின நல்ல கிரீமைக் கொடுத்து ரிப்போர்ட் வாங்கிவிடலாம். பாதரசத்தை எக்ஸ்ரே ஃப்ளூரசன்ஸ் கருவியால் சில நிமிடத்தில் பார்க்கலாம், துல்லியமாக வேண்டுமானால் ஐசிபி-எம்எஸ் என்ற ஆய்வகச் சோதனை. இந்த இரண்டுமே ஸ்டீராய்டைக் காட்டாது. அதற்கு ஹெச்பிஎல்சி என்ற தனிச் சோதனை, எந்த ஸ்டீராய்டைத் தேடுகிறோம் என்றும் சொல்ல வேண்டும். "பாதரசம் இல்லை" என்று நிஜமாகவே ரிப்போர்ட் வந்திருந்தாலும் பாதிக் கேள்விக்குத்தான் பதில். கிரீமைத் தங்க மோதிரத்தில் தேய்த்துப் பார்ப்பது, வெயிலில் வைத்துக் கறுக்கிறதா என்று பார்ப்பது போன்ற வீட்டுச் சோதனைகளை நம்பி முடிவெடுக்காதீர்கள். கறுத்தால் சந்தேகம், கறுக்காவிட்டால் ஒன்றும் நிரூபணமாகாது. ஆனால் டப்பாவிலோ டிஎம்மிலோ "நகையைக் கழற்றிவிட்டுப் பூசவும்" என்று சொன்னால் உடனே விலகுங்கள். பாதரசம் தங்கத்தோடு சேரும் என்பதால் வரும் எச்சரிக்கை அது. உள்ளடக்கப் பட்டியல் இருந்தால் கலோமல், மெர்குரிக், மெர்குரஸ், மெர்குரியோ என்ற சொற்களைத் தேடுங்கள்; எல்லாமே பாதரசத்தைக் குறிப்பவை. ஒழுங்கான இந்தியப் பொருளில் தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், தயாரிப்பு உரிம எண், காலாவதித் தேதி இருக்கும்; இறக்குமதி என்றால் இறக்குமதியாளர் முகவரியும் ஆர்சி என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். வீட்டில் தயாரித்தாலும் விற்க உரிமம் வேண்டும்.

இப்போது அவசரம் உங்களுக்கு இல்லை, உங்கள் சித்தி பெண்ணுக்கு. இன்று இரவே நிறுத்தச் சொல்லுங்கள், இந்த வாரத்துக்குள் தோல் மருத்துவரைப் பார்க்கட்டும். ஸ்டீராய்டு இருந்தால் நிறுத்திய சில நாளில் முகம் சிவந்து எரியும் என்று முன்பே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் பயந்து அதே டப்பாவுக்குத் திரும்பிவிடுவாள். மருத்துவர் தேவைப்பட்டால் வீரியம் தெரிந்த லேசான ஸ்டீராய்டாகக் குறைத்துக்கொண்டு வருவார், அல்லது டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்பைத் தருவார். அதுவரை வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசர், குளிர்ந்த நீர் ஒத்தடம். ஃபேஷியல், ஸ்க்ரப், எலுமிச்சை, வேறு எதுவும் வேண்டாம். கூடவே காலையில் முதல் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்துக்கான சோதனை, சிறுநீரில் புரதம்–கிரியேட்டினின் விகிதம், ரத்தத்தில் ஆல்புமின், கிரியேட்டினின், ரத்த அழுத்தம். விகிதம் 0.2க்குக் கீழே இருந்தால் சரி. 3ஐத் தாண்டினால் சிறுநீரக மருத்துவரிடம் அன்றைக்கே போக வேண்டும். சிறுநீரில் பாதரசம் பார்க்க முடிந்தால் பார்க்கலாம். லிட்டருக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் வெளியிலிருந்து சேர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். கனிமப் பாதரசம் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அதனால் இன்றைய சிறுநீர்ச் சோதனை நன்றாக வந்தாலும் ஒரு மாதம், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ முதல் வாக்கியத்திலேயே மருத்துவரிடம் அதைச் சொல்லட்டும். வீட்டில் குழந்தை இருந்தால் அதையும். 2010இல் கலிபோர்னியாவிலும் வர்ஜீனியாவிலும் மெக்சிகோவில் தயாரான இப்படிப்பட்ட கிரீமைப் பூசிய வீடுகளைச் சோதித்தபோது, பூசாத குடும்பத்தாருக்கும் குழந்தைகளுக்கும் சிறுநீரில் பாதரசம் கூடியிருந்தது. தலையணை உறை, துண்டு, கை வழியாகப் போவது; தலையணை உறையையும் முகம் துடைத்த துண்டையும் மாற்றிவிடுவது நல்லது.

உங்கள் மூன்று மாதத்தில் என்ன செய்யலாம்? மேல்கையின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெயில் படாத அந்த நிறம்தான் உங்கள் சொந்த நிறம். அங்கே வரைக்கும் முகத்தைக் கொண்டுவரலாம், அதைத் தாண்டி வெளுக்க வைக்கும் பாதுகாப்பான கிரீம் கிடையாது. எஸ்பிஎஃப் 30க்கு மேல் சன்ஸ்கிரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. நாம் பூசுவது பெரும்பாலும் இதில் கால்வாசி, அதனால்தான் "சன்ஸ்கிரீன் வேலை செய்யல" என்கிறோம். கருந்திட்டு இருந்தால் மருத்துவரைக் கேட்டு அசெலாயிக் அமிலம் 15 அல்லது 20 சதவீதம். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், ஆகவே இப்போதே தொடங்க வேண்டும். ஹைட்ரோகுயினோன் என்ற நிறமி குறைக்கும் மருந்தும் உதவும், ஆனால் மருத்துவர் கண்காணிப்பில், குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும். வருடக்கணக்கில் பூசினால் நீலக் கறுப்பாகத் திட்டு விழும், அதை எடுப்பது மிகக் கஷ்டம். எது புதிதாகப் பூசினாலும் காதுக்குக் கீழே தாடை ஓரத்தில் மூன்று நான்கு இரவு பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். கல்யாணத்துக்கு முந்தைய இரண்டு வாரத்தில் புதிய பொருள், பீலிங், பிளீச் எதுவும் வேண்டாம். நிறம் வெளுக்க குளூட்டாதயோன் ஊசி போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். வேண்டாம். பிலிப்பைன்ஸ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை எதிர்த்துப் பல வருடமாக எச்சரித்துவருகிறது.

விற்பவரின் இன்ஸ்டாகிராம் கணக்கை ரிப்போர்ட் அடித்தால் பதிவு போகலாம். அடுத்த வாரம் வேறு பேரில் வருவார். நுகர்வோர் உதவி எண் 1915இலும், மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலும் எழுதிக் கொடுப்பது அதைவிட உபயோகம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பொய் விளம்பரத்துக்கு விற்பவருக்கு மட்டுமல்ல, காசு வாங்கிக்கொண்டு படம் போட்டவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். புகாரோடு கணக்கின் பெயரும் தேதியும் தெரியும் ஸ்கிரீன்ஷாட், ஜிபே ரசீது, அனுப்புநர் முகவரி உள்ள கூரியர் கவர் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். டப்பாவை உங்கள் சித்தி பெண் கோபத்தில் குப்பையில் போட்டுவிடப் போகிறாள். மிச்சமிருக்கும் கிரீமோடு மூடி, இரண்டு ஜிப் கவருக்குள் போட்டு, தேதி எழுதி, குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். மருத்துவருக்கும் ஆய்வாளருக்கும் அந்த மிச்சம்தான் வேண்டும்.